வீட்டு மனையில் வாய்க்கால்: வாடகை இயந்திரத்தைப் பயன்படுத்தும் முறை

தோட்டத்து லயன் வீடுகளில் குடியிருந்த காலத்தில் வீட்டைச் சுற்றி ஓடும் கால்வாயைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட்டதில்லை. கால்வாய் தூர்ந்து போனால் கிராணியாரிடம் சொல்வோம். நிர்வாகம் ஆள் அனுப்பும். சில வேளைகளில் அனுப்பாது. எப்படியாயினும் அது நிர்வாகத்தின் பொறுப்பு. சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்துத் தோட்டத்திற்கு வெளியே சொந்த வீடு வாங்கியவர்களின் நிலை வேறு. மழை பெய்து பின்கட்டில் நீர் தேங்கினால், சுவரின் அடியில் ஈரம் ஏறினால், கேட்பாரும் தீர்ப்பாரும் வீட்டுக்காரரேயாவர்.

இவ்வாறு சொந்த மனையில் நீர்க்குழாய் புதைப்பதற்கோ, மழைநீரை வடிய விடுவதற்கோ வாய்க்கால் வெட்ட வேண்டிய அன்பர்களுக்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம். மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று தோட்டத் தொழிலாளருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. வேலைக்காட்டில் மண் தேங்கு குழி வெட்டியவர்களும், வெள்ளை வேர் நோய் கண்ட கித்தா மரத்தைச் சுற்றித் தடுப்புக் குழி எடுத்தவர்களும் நம்மிடையே பலர். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்தவர், விடியற்காலையில் மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் முப்பது மீட்டர் நீளத்திற்குச் செம்மண்ணைத் தோண்டுவது எளிதன்று.

அதன் கணக்கைப் பார்ப்போம். முப்பது மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். கையால் வெட்டும்போது மண்வெட்டி உள்ளே திரும்புவதற்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். ஆகவே வெளியே எடுக்க வேண்டிய மண் 5.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடை எனக் கொண்டாலும் எட்டு டன்னுக்கு மேல் ஆகிறது. எடுத்த மண்ணை மீண்டும் உள்ளே தள்ள வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் குழாய் புதைக்க 15 சென்டிமீட்டர் அகலமே போதும். அந்த அகலத்தில் வெட்ட முடிந்தால் வேலை சரிபாதியாகிவிடும். இக்குறுகிய அகலத்தைத் தருவதே வாய்க்கால் வெட்டும் இயந்திரத்தின் சிறப்பு.

கடைக்காரர்கள் இதனை 'டிரெஞ்சர்' என்பார்கள். இதில் பல வகைகள் உண்டு. வீட்டு மனைக்கு ஏற்றது ஒருவர் கைப்பிடியைப் பற்றி நடந்தபடியே இயக்கும் சிறிய வகை. பெட்ரோல் இயந்திரம் ஒன்று, அதனோடு இணைந்த நீண்ட இரும்புக் கரம், அக்கரத்தைச் சுற்றி ஓடும் பற்கள் பொருத்திய சங்கிலி - இவையே இதன் முக்கிய உறுப்புகள். மரம் அறுக்கும் சங்கிலி வாளைப் பன்மடங்கு பெரிதாக்கி மண்ணுக்குள் இறக்கியது போன்றது என்று சொன்னால் எளிதில் விளங்கும். சங்கிலி மண்ணைக் கீறி மேலே கொண்டு வரும். சுழலும் திருகு ஒன்று அம்மண்ணை ஓரத்தில் தள்ளும். இத்தகைய சிறு இயந்திரத்தை 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எட் மால்சான் என்பவர் உருவாக்கினார். வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கொடுப்பதற்காக ஆட்கள் மண்வெட்டியால் தோண்டித் துன்புறுவதைக் கண்டதே அவருக்குத் தூண்டுகோலாக இருந்தது.

இயந்திரத்தைத் தேடிப் புறப்படுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மனையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிய வேண்டும். மரம் வெட்டும் அன்பர்கள் இதனை நன்கு உணர்வார்கள். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கைக்குத் தெரியும். அதற்கு மேல் இறங்கினால் மரத்திற்குக் காயம். மண்ணுக்குள் இறங்கும் சங்கிலிக்கு அந்த அறிவு இல்லை. மின்கம்பி, நீர்க்குழாய், தொலைபேசிக் கம்பி, மலக்குழித் தொட்டிக்குச் செல்லும் குழாய் எதுவாயினும் அது அறுத்துக்கொண்டே போகும்.

நீர்மானி எங்கே இருக்கிறது, அங்கிருந்து குழாய் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று முதலில் பாருங்கள். பொதுவாக, மானிக்கு முன்னுள்ள குழாய் நீர் நிறுவனத்தைச் சேர்ந்தது; மானிக்குப் பின்னுள்ளது வீட்டுக்காரரைச் சேர்ந்தது. மின்சாரம் கம்பத்திலிருந்து தலைக்கு மேலே வருகிறதா, நிலத்தடியில் வருகிறதா என்று கவனியுங்கள். வாசலில் கம்பம் இல்லை, ஆயினும் வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் கம்பி உங்கள் காலடியில் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் மின்வாரியத்தைக் கேட்காமல் ஒரு சாண் கூட வெட்டலாகாது. வீட்டின் வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையெனில் வீடமைப்பாளரிடமோ ஊராட்சி மன்றத்திலோ விசாரிக்கலாம். ஐயமுள்ள இடங்களில் கையால் மெதுவாகத் தோண்டிப் பார்ப்பதே முறை. தோண்டும்போது வண்ண நெகிழி நாடாவோ, வரிசையாகப் பரப்பிய செங்கல்லோ பலகையோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். அடியில் கம்பியோ குழாயோ இருப்பதை உணர்த்தவே அவற்றை அங்கே வைத்திருப்பார்கள்.

இன்னொன்று: நம் நாட்டில் பல வீடமைப்புப் பகுதிகள் முன்பு கித்தாத் தோட்டங்களாக இருந்தவை. மரம் போன பிறகும் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் கிடக்கும். சிறு வேர்களைச் சங்கிலி அறுத்துவிடும். பெரிய கட்டையில் மோதினாலோ இயந்திரம் துள்ளும். கைப்பிடி எதிர்பாராமல் திமிறும். ஆதலால், போகும் வழி முழுவதையும் ஓர் இரும்புக் கம்பியால் ஆங்காங்கே குத்திப் பார்ப்பது நன்று. கம்பியைத் தட்டித் தட்டி அடிக்காமல், மெல்ல அழுத்தியே பார்க்க வேண்டும். குழாயோ மின்கம்பியோ இருக்கலாம் என்று ஐயமுள்ள இடத்தில் இக்கம்பியையும் குத்தக்கூடாது.

இனி வாடகைக்கு வருவோம். இவ்வியந்திரம் எல்லாச் சிறு பட்டணங்களிலும் கிடைப்பதில்லை. சில இடங்களில் சிறிய எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரோடு வாடகைக்குக் கிடைக்கும். இரண்டின் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. செலவு என்பது கடைக்காரர் சொல்லும் நாள் வாடகை மட்டுமன்று. இயந்திரம் சில நூறு கிலோ எடையுள்ளது; மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவரக் கூடியதன்று. லோரிக் கூலி, பெட்ரோல், முன்பணம் ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டிய தொகையை நாட்கூலியாக மாற்றிப் பார்ப்பது நாம் சொல்லும் முறை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதனை 26 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. இயந்திரத்தின் முழுச் செலவு எத்தனை நாள் உழைப்பு ஆகிறது, கையால் வெட்டினால் எத்தனை நாள் ஆகும் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்தாறு மீட்டர் வாய்க்காலுக்கு இயந்திரம் வேண்டவே வேண்டாம். அண்ணன், தம்பி, மைத்துனர் மூவர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும்.

அதே வரிசையில் நான்கு வீடுகளுக்கும் வாய்க்கால் தேவை என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு நாள் வாடகையை நால்வர் பகிர்ந்து கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் ஒருவரே; பழுது நேர்ந்தால் கடைக்காரர் அவரையே கேட்பார். யார் இயக்கும்போது எது உடைந்தாலும் செலவு நால்வருக்கும் பொது என்று முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் நட்பு ஓர் இரும்புப் பல்லினால் முறிந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பல்லைப் பற்றிச் சொல்லும்போது நமது அனுபவத்தையும் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஒரு கடையில் இத்தகைய இயந்திரத்தை எடுத்தோம். அவசரத்தில் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டோம். திருப்பித் தரும்போது சங்கிலியில் இரண்டு பற்கள் இல்லை என்றார்கள். எடுக்கும்போதே இல்லாமல் இருந்தனவா, நாம் உடைத்தோமா என்று நமக்கே தெரியவில்லை. முன்பணத்தில் பெரும்பகுதி போயிற்று. பிறருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய ஆசிரியர் பயிற்சி அன்று நமக்கு உதவவில்லை! ஆகவே, கடையிலேயே சங்கிலியைச் சுற்றிவந்து பற்களை எண்ணுங்கள். கைத்தொலைபேசியால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். தேய்ந்த பல்லுக்கு யார் பொறுப்பு, உடைந்த சங்கிலிக்கு யார் பொறுப்பு, வாடகை நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, மழை பெய்து வேலை நின்றால் வாடகை ஓடுமா - இந்நான்கையும் கேட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து படிக்கக் கடினமாக இருப்பின், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பணத்திற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் கடையை விட்டு வெளியேற வேண்டாம். இயக்கும் முறையையும் கடைக்காரரே ஒருமுறை இயக்கிக் காட்ட வேண்டும். நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள், தொடங்கும் விசையைப் பிறகு கேட்கலாம்.

வேலை நாளில் கவனிக்க வேண்டியவை பல. நீளக் காற்சட்டை, முழுச் சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு ஆகியவை வேண்டும். சப்பல் அணிந்து இவ்வியந்திரத்தின் அருகே போகவே கூடாது. தளர்ந்த சட்டை, தோளில் துண்டு ஆகாது. பெண்கள் இயக்கினால் தலைமுடியை இறுக முடிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளையும் நாயையும் வீட்டினுள் அடைத்துவிடுங்கள். வேடிக்கை பார்ப்போர் எவராயினும் எட்ட நிற்கட்டும். சங்கிலி கல்லை எறியும்.

சங்கிலி சுழலத் தொடங்கிய பிறகே கரத்தை மெதுவாக மண்ணில் இறக்க வேண்டும். வேண்டிய ஆழம் வந்தபின் இயந்திரம் நகரும். பெரும்பாலான சிறு வகைகளில், வெட்டிய பள்ளத்தை முன்னே விட்டுவிட்டு இயக்குபவர் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும். ஆகவே பின்புறத்தில் சுவர், பூச்சட்டி, கிணற்று விளிம்பு, துணி உலர்த்தும் கம்பி எதுவும் இல்லாதபடி வழியை முன்கூட்டியே துப்புரவாக்கி, கயிறு கட்டிக் கோடிட்டுக் கொள்ளுங்கள். இயந்திரத்திற்கும் சுவருக்கும் இடையே அகப்பட்டுக் கொள்வது இவ்வேலையில் நேரும் கொடிய விபத்துகளுள் ஒன்று. சுவரை ஒட்டிய கடைசிப் பகுதியைக் கையால் வெட்டுவதே அறிவுடைமை. இயந்திரம் நேர்க்கோட்டில்தான் நன்றாக ஓடும். குறுகிய வளைவுகளை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கல்லோ வேரோ சங்கிலியில் சிக்கிக் கொள்ளும். ஈரக் களிமண் அப்பிக் கொள்ளும். அப்போது இயந்திரத்தை அணைத்து, சங்கிலி முற்றிலும் நின்ற பிறகே, அதுவும் ஒரு கோலால்தான் எடுக்க வேண்டும். ஓடும் சங்கிலிக்குக் கை கொடுத்தவருக்கு மறுநாள் கத்தி பிடிக்க விரல் இருக்காது. சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு கலந்திருக்கிறது.

மழைக்காலத்தில் இயந்திரம் எடுப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். கித்தா மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பெரும்பாலான இடங்களில் வறண்டிருக்கும். பால் குறைந்து ஓய்வும் சற்று அதிகம் கிடைக்கும். இவ்வேலைக்கு அதுவே ஏற்ற பருவம்.

வெட்டியது நீர்க்குழாய்க்காகவெனில், அடியில் கல் பொறுக்கி, சிறிது மணல் பரப்பி, குழாயை இட்டு, நீரைத் திறந்து இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். மழைநீர் வடிகாலுக்குச் சரிவு தேவை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது நல்ல கணக்கு. முப்பது மீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் இறக்கம். கண்ணால் பார்த்துச் சரிவை அளக்க முடியாது. கொத்தனார் பயன்படுத்தும், நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரவல் வாங்கி மட்டம் பாருங்கள். துளையிட்ட குழாயைச் சுற்றிச் சரளைக் கல் இட்டு, மண் புகாதபடி வடிகட்டும் துணியால் சுற்றினால் பல்லாண்டு அடைபடாது. நீர் சென்று சேரும் இடம் பொது வடிகாலாக இருக்கட்டும். அண்டை வீட்டார் மனையாக இருக்கலாகாது. சமையலறை, குளியலறைக் கழிவுநீரை இதில் சேர்க்கக்கூடாது. பொது வடிகாலோடு இணைப்பதற்கு முன் ஊராட்சி மன்றத்தைக் கேட்டுவிடுங்கள்; 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அவர்களுக்கு இதில் அதிகாரம் அளிக்கிறது.

இன்னமும் தோட்டத்து வீட்டில் குடியிருப்போர் நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதியின்றி இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டாம். அங்கே வீடும் வடிகாலும் முதலாளியின் பொறுப்பில் உள்ளவை. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரங்கள் பற்றி 1990ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. வடிகால் கெட்டிருந்தால் முறையீடு செய்வதே வழி, சொந்தப் பணத்தைச் செலவிடுவது அன்று.

பள்ளத்தை இரவு முழுவதும் திறந்து விடாதீர்கள். வெட்டிய அன்றே குழாயை இட்டு மூடும்படி ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இயலாவிட்டால் பலகையால் மூடி, விளக்கு வையுங்கள். இருட்டில் வரும் முதியவருக்கு 15 சென்டிமீட்டர் அகலமே கணுக்கால் முறியப் போதுமானது. ஒரு வாரம் திறந்து கிடந்து மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் வரலாம். மண்ணை ஒரே தடவையில் தள்ளாமல், ஒரு சாண் உயரத்திற்கு இட்டு மிதித்து இறுக்கி, மறுபடியும் இட்டு இறுக்குங்கள். கடைசியில் தரைமட்டத்திற்குச் சற்று மேடாக விட்டால், அடுத்த இரண்டு மூன்று மழைகளில் அது தானே படிந்துவிடும். இயந்திரத்தைக் கழுவி, பற்களை மறுபடியும் எண்ணி, படமும் எடுத்த பிறகு கடைக்குக் கொண்டு சேர்த்து முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்ளுங்கள்.