விண்மீன் மண்டலமும் அதன் அண்டை அயலும்

சித்திரை மாத இரவொன்றில், 11 மணியளவில், தாம்பரத்திலோ சேலையூரிலோ உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உத்திர நட்சத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டு, அதற்குக் கிழக்கே, நீட்டிய கையின் முட்டி அகலம் பார்வையை நகர்த்துங்கள். அவ்விடம் வெறுமையாகவே தோன்றும். ஆனால் அங்கேதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் அடங்கிய 'கன்னிக் கொத்து' உள்ளது. அதன் தொலைவு ஏறக்குறைய 5½ கோடி ஒளியாண்டுகள்.

இக்கொத்தின் நடுவிலுள்ள பெரிய மண்டலம் எம் 87. வான நடுக்கோட்டுக்கு 12.4 பாகை வடக்கே அது உள்ளது. தாம்பரமோ 12.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே அது நம் உச்சிக்கு அரைப் பாகை தள்ளி, அதாவது முழுநிலவின் அகல அளவு தள்ளித்தான் கடந்து செல்கிறது!

விண்மீன்களுக்கு இடையே வாயு பரவியுள்ளது. பேரண்டத்தின் தொடக்கத்தில் இருந்த வாயு ஏறக்குறைய முழுவதும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் பின்னர் விண்மீன்களின் உள்ளே உருவானவை. பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போது அவை வாயுவோடு கலக்கின்றன. நம் சூரியனில் 10,000 ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 5 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன.

வாயுவை அள்ளி வந்து சோதிக்க முடியாது. ஆயினும் ஒளிரும் வாயுவின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்தால், ஹைட்ரஜன் சிவப்பிலும் ஆக்சிஜன் பச்சையிலும் தத்தம் கோடுகளைக் காட்டும். அக்கோடுகளின் பிரகாசத்தை ஒப்பிட்டு ஆக்சிஜனின் விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. ஒரே எடையுள்ள இரண்டு மண்டலங்களில் ஆக்சிஜன் விகிதமும் ஒன்றாகவே இருக்குமா?

விடை காண நம் ஊர் ஏரிகளை நினைத்துக்கொள்வோம். சிட்லபாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஓர் ஏரிக்கு வரத்துக் கால்வாயும் உண்டு, உபரி நீர் வெளியேறக் கலங்கலும் உண்டு. புது மழைநீர் வந்தால் ஏரி நீரின் உப்பு நீர்த்துப்போகும். வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டால்? வெயிலில் நீர் குறையும், உப்பு தங்கும். எனவே நீரின் உப்பு அந்த ஏரியை மட்டும் பொறுத்ததன்று. அதைச் சுற்றியுள்ளவற்றையும் பொறுத்தது.

விண்மீன் மண்டலத்துக்கும் இவ்வாறே. தனித்து நிற்கும் மண்டலத்துக்குள் வெளியிலிருந்து ஆக்சிஜன் குறைந்த புதிய வாயு வந்து விழுகிறது. அதுவே மழைநீர். விண்மீன்கள் ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டே இருந்தாலும், இவ்வரவு அதை நீர்க்கச் செய்கிறது.

கொத்துக்குள் நிலைமை வேறு. அங்கே மண்டலங்களுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு நிறைந்திருக்கிறது. அங்கு நுழையும் மண்டலத்துக்குப் புதிய வாயுவின் வரவு தடைப்படும். மேலும், சைக்கிளில் வேகமாகச் செல்கையில் எதிர்காற்று சட்டையைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல, வெப்ப வாயு மண்டலத்தின் விளிம்பிலுள்ள வாயுவைப் பிய்த்துச் செல்லும். பொதுவாக விளிம்பு வாயுவில்தான் ஆக்சிஜன் குறைவு. எஞ்சுவது ஆக்சிஜன் மிகுந்த நடுப்பகுதி வாயு.

இது வெறும் ஊகமா? 1996-இல் ஸ்கில்மேன் என்பவரும் அவர் குழுவினரும் கன்னிக் கொத்தின் 9 சுருள் மண்டலங்களை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். கொத்தின் மையத்தருகே ஹைட்ரஜனைப் பெரிதும் இழந்திருந்த மண்டலங்களில், ஓரத்தில் உள்ளவற்றைவிட ஆக்சிஜன் விகிதம் கூடுதலாக இருந்தது.

வாயு பிய்த்தெறியப்படுவதை நேரில் காட்டும் மண்டலங்களும் உண்டு. நம் கடற்கரையில் ஒதுங்கும் சொறிமீனைப்போல நீண்ட வால்களைக் கொண்டிருப்பதால் அவற்றைச் சொறிமீன் மண்டலங்கள் என்பர். ஏபெல் 85 என்னும் கொத்துக்குள் நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும் ஜேஓ 201 அவற்றுள் ஒன்று. சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 28-9-2015 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், புற ஊதா ஒளியில் இதைப் படம் பிடித்தது. பிய்ந்துபோன வாயுவிலேயே புதிய விண்மீன்கள் பிறந்திருப்பது அதில் தெரிந்தது! இத்தகைய சில வால்களில், தாய் மண்டலத்தைவிட்டு விலக விலக ஆக்சிஜன் விகிதம் குறைகிறது. கொத்திலுள்ள வாயு அதனோடு கலப்பதே காரணம் எனக் கருதுகின்றனர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆக்சிஜன் விகிதத்தை நிர்ணயிப்பதில் முதலிடம் மண்டலத்தின் எடைக்கே. எடை மிகுந்தது, வெடிப்பில் சிதறும் ஆக்சிஜனைத் தன் ஈர்ப்பால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான மண்டலங்களை ஒப்பிட்டபோது, சுற்றுப்புறத்தால் ஏற்படும் வேறுபாடு சராசரியாகச் சுமார் 10 விழுக்காடுதான் எனத் தெரிந்தது. ஆகவே, ஒரே எடையுள்ளவற்றை ஒப்பிட்டால்தான் சுற்றுப்புறத்தின் பங்கு புலப்படும். எந்தச் சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கவேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொல்வது இதற்காகத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். தினமும் இரண்டிலும் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்த நீரை நல்ல தண்ணீரால் நிரப்பி வாருங்கள். எதில் கோழிமுட்டை முதலில் மிதக்கிறது? அது தனித்த மண்டலத்தைப் போன்றதா, கொத்திலுள்ள மண்டலத்தைப் போன்றதா? காரணத்தையும் எழுதுங்கள்.