கைக்கு உறைக்காத ஷாக்

பி.எல்.டி.சி. மின்விசிறியின் போர்டு, மின் ஸ்கூட்டரின் கண்ட்ரோலர், நூற்பாலை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். எதைத் திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கும் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது மாஸ்ஃபெட் அல்லது ஐ.ஜி.பி.டி.தான். காயில் கட்டி, பேரிங் மாற்றிப் பழகிய கடைகளுக்கு இப்போது இந்த போர்டுகளும் வருகின்றன. செம்புக் கம்பிக்கு ஸ்டாட்டிக் ஒரு பொருட்டே இல்லை. சிலிக்கானுக்கு அப்படி இல்லை. பழைய கைப்பழக்கம் புதிய வேலையிலும் தொடர்வதால் பட்டறைகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சிக்கு ஸ்டாட்டிக் என்பதே கட்டுக்கதை. மறு கட்சிக்கு எது போனாலும் ஸ்டாட்டிக். இரண்டுமே மீட்டரை எடுக்காமல் சொல்லும் தீர்ப்பு.

நம்பிக்கை: "ஷாக்கே அடிக்கலையே, அப்புறம் என்ன ஸ்டாட்டிக்?"

உண்மை: உடம்பில் ஏறிய ஸ்டாட்டிக் விரல் நுனியில் சுரீர் என்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே நமக்கு ஒன்றும் தெரியாது. மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட உச்சமோ பெரும்பாலான ரகங்களில் 20 வோல்ட்தான். கேட்டுக்கு அடியில் காப்பாக இருப்பது சிலிக்கான் டை ஆக்ஸைடு படலம். பவர் மாஸ்ஃபெட்டில் அது சில பத்து நானோமீட்டர் முதல் 100 நானோமீட்டர் வரை தடிமன் கொண்டது. நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் அளவில் அது பொத்துக்கொள்ளும். முழு ஷார்ட் ஆகிவிட்டால் உடனே தெரிந்துவிடும். லேசான கசிவாக நின்றுவிட்டால்தான் தொல்லை. போர்டு ஓடும், வாடிக்கையாளர் வாங்கிப் போவார், பிறகு ஒருநாள் அது திரும்பி வரும்.

நம்பிக்கை: "ஐம்பது ஆம்பியர் தாங்குற உருப்படியை ஒரு சின்னப் பொறி என்ன செஞ்சிடும்?"

உண்மை: மேலே அச்சிட்டிருக்கும் ஆம்பியரும் வோல்ட்டும் டிரெய்ன், சோர்ஸ் வழியாகப் போகும் பாதைக்கானவை. 600 வோல்ட் மாஸ்ஃபெட்டாக இருந்தாலும் அதன் கேட் எல்லை 20, 30 வோல்ட்டைத் தாண்டாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். சோதனைக்கூடங்களில் மனித உடம்பை 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டராக எடுத்துக்கொள்வார்கள். 3,000 வோல்ட் ஏறிய உடம்பில் இருப்பது 0.3 மைக்ரோகூலும் மின்னூட்டம். கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப்.இசட்.44 வகையின் கேட் கொள்ளளவு சுமார் 1,500 பிகோஃபாரட். சோர்ஸ் எர்த்தில் இருக்கும்போது விரல் கேட்டைத் தொட்டால் இந்த மின்னூட்டம் இரண்டுக்கும் பங்காகி, கேட்டில் ஏறக்குறைய 190 வோல்ட் நிற்கும். அனுமதித்ததைப் போல ஒன்பது மடங்கு.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு செம்புத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினால் வழியும், அண்டாவில் ஊற்றினால் அடிதான் நனையும். கேட் கொள்ளளவு 25 நானோஃபாரட் உள்ள பெரிய ஐ.ஜி.பி.டி. மாடியூலில் அதே மின்னூட்டம் 12 வோல்ட்டைத்தான் எழுப்பும். அதற்காக மாடியூல் வரும்போது கேட் முனைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்பையோ கறுப்பு நுரையையோ முன்கூட்டியே பிடுங்கிவிடக் கூடாது. திரும்பத் திரும்பத் தொட்டால் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் ஒரு டிரைவில் முதலில் பயப்பட வேண்டியது கைப்பிடி அளவு மாடியூலுக்காக அல்ல. பக்கத்தில் இருக்கும் அரிசியளவு சிக்னல் மாஸ்ஃபெட்டுக்கும் கண்ட்ரோலர் சிப்புக்கும்தான்.

நம்பிக்கை: "நம்ம ஊர்ப் புழுக்கத்துல ஸ்டாட்டிக் ஏது?"

உண்மை: பாதி சரி. காற்றில் ஈரம் கூடினால் ஸ்டாட்டிக் குறையும். நூற்பாலைகளில் ஈரப்பதத்தைக் கட்டிக் காப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் அட்டவணை ஒன்று உண்டு. வினைல் விரித்த தரையில் நடப்பவர் மேல் வறண்ட காற்றில் 12,000 வோல்ட் வரை ஏறும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் அது 250 வோல்ட்டாக இறங்கிவிடும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 6,000 வோல்ட் 100 ஆகக் குறையும். ஆனால் 250 வோல்ட்டும் விரலுக்கு உறைக்காது, சின்னச் சிப்புக்கு உறைக்கும். ஏ.சி. போட்ட அறையில் ஈரமும் குறைந்துவிடும். பாலியஸ்டர் சட்டை, தெர்மகோல், செலோ டேப், பாலிதீன் கவர் எல்லாம் அதே மேசையில்தான் கிடக்கின்றன. பிளாஸ்டிக் சால்டர் சக்கரின் விசையைத் தட்டும்போது அதன் நுனியிலேயே ஸ்டாட்டிக் உண்டாகும்; அந்த நுனி நிற்பதோ கேட் காலுக்கு மேல். டிரைவில் படிந்த தூசியை ப்ளோயரால் அடிப்பதும், நைலான் பிரஷால் தேய்ப்பதும் இதே ரகம்.

நம்பிக்கை: "போர்டுல சால்டர் பண்ணியாச்சு, இனிமே பயமில்லை."

உண்மை: தனியாக இருந்ததைவிடப் பாதுகாப்பு கூடும். கேட்டிலிருந்து சோர்ஸுக்குப் போட்டிருக்கும் 10 கிலோஓம் போன்ற ரெசிஸ்டர் மெதுவாகச் சேரும் மின்னூட்டத்தை வடித்துவிடும். ஆனால் பட்டென்று பாயும் பொறிக்கு அது ஈடுகொடுக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கள் இன்னொரு வாசல். ஸ்கூட்டர் மோட்டாரிலிருந்து வரும் ஹால் சென்சாரின் மூன்று சிக்னல் ஒயர்களும் சிறு ரெசிஸ்டர்களைக் கடந்தால் நேராகச் சிப்பின் கால்களுக்குத்தான் போகின்றன. கனெக்டரின் உலோகப் பின்களை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. போர்டை எப்போதும் ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: "ரோஸ் கவர்ல போட்டுட்டா போதும்."

உண்மை: ரோஸ் கவர் தானாக ஸ்டாட்டிக்கை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பாயும் பொறியைத் தடுப்பது உலோகப் பூச்சுள்ள வெள்ளி நிறக் கவர். தெர்மகோலில் காலைக் குத்தி வைப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

நம்பிக்கை: "வெறுங்காலோட நின்னா போதும், இல்லேன்னா கையில ஒரு ஒயரைச் சுத்தி எர்த்துல கட்டிட்டா தீர்ந்தது."

உண்மை: சிமெண்ட் தரை கொஞ்சம் வடிக்கும், பளபளக்கும் டைல்ஸையும் பிளாஸ்டிக் பாயையும் நம்ப முடியாது. வெறும் ஒயரைக் கையில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. மறு கை 230 வோல்ட்டைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். இதற்கென்றே விற்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். 230 வோல்ட் பட்டாலும் 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் அது விடாது. ஸ்டாட்டிக்கோ கண் இமைப்பதற்குள் வடிந்துவிடும். அப்படியும் மின்சாரம் ஓடும் போர்டில் கை வைக்கும்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும். மூன்று ஃபேஸ் டிரைவின் உள்ளே 415 வோல்ட் டி.சி. ஆகி 580 வோல்ட்டைத் தாண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைச் சில நிமிடங்கள் பிடித்து வைத்திருக்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். இரண்டு பின் சால்டரிங் அயர்னின் நுனியில் டெஸ்டர் எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால் அது எர்த் இல்லாமல் கசிகிறது. ஸ்ட்ராப் கட்டியும் பயனில்லை.

நம்பிக்கை: "மாஸ்ஃபெட் போச்சுன்னா ஸ்டாட்டிக்தான்."

உண்மை: ஓடிக்கொண்டிருந்த கண்ட்ரோலரில் மாஸ்ஃபெட் வெடித்து உடல் பிளந்து கிடந்தால் சந்தேகப்பட வேண்டியது வேறு ஆட்களை: வைண்டிங் ஷார்ட், மேலும் கீழும் இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் ஒரே நேரத்தில் திறந்துகொள்வது, பழுதான டிரைவர் ஐ.சி., வற்றிப்போன கெப்பாசிட்டர், சூட்டைக் கடத்தாத ஹீட் சிங்க். ஸ்டாட்டிக் அடித்தது பெரும்பாலும் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். மூன்று கால்களையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டுவிட்டு, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வையுங்கள். உள்ளே ஜீனர் வைத்த ரகமாக இல்லாவிட்டால், போர்டிலிருந்து கழற்றிய நல்ல மாஸ்ஃபெட்டில் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. கிலோஓம் கணக்கில் காட்டினால் கேட் கசிகிறது. அதுவும் முடிவான சாட்சி அல்ல, டிரைவர் ஐ.சி. கெட்டு அதிக வோல்ட் போனாலும் கேட் இப்படித்தான் ஆகும்.

அதனால் புது மாஸ்ஃபெட்டை மாட்டியதும் நேராக மின்சாரம் கொடுக்காமல், 230 வோல்ட் போர்டாக இருந்தால் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வைண்டிங்கையும் டிரைவர் ஐ.சி.யையும் அளக்க வேண்டும். ஸ்ட்ராப் கட்டி, எர்த் உள்ள அயர்னால் மாட்டிய மாஸ்ஃபெட்டும் போகிறது என்றால் கோளாறு உங்கள் மேசையில் இல்லை, சர்க்யூட்டில்தான் இருக்கிறது. ஸ்ட்ராப் கட்டாதவருக்கு இந்த முடிவுக்கு வர வழியே கிடையாது.