குளியலறைத் தரை சில்லிடுகிறதா?

திருவனந்தபுரத்தில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் ஜூன் மாத எடவப்பாதி மழையிலும் அக்டோபர் துலாமழையிலும் குளியலறை டைல்ஸ் சில்லிடும். தேங்கிய ஈரம் ஆவியாகும்போது தரையின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. டைல்ஸோ பாதத்தின் சூட்டை வேகமாக இழுக்கிறது. இதற்காகத் தரையைப் பெயர்த்து அடியில் சூடேற்றும் மின்கம்பி பதிப்பது வீண் செலவு.

குளித்ததும் ரப்பர் வைப்பரால் தண்ணீரை முழுவதும் தள்ளிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரை காயும்வரை ஓடவிட்டாலே சில்லிப்பு நன்றாகக் குறையும். நனையும் இடத்தில் துளையுள்ள ரப்பர் பாய் போடலாம். முதியவர்கள் உள்ள வீட்டில், அடியில் உறிஞ்சுகுமிழ் கொண்ட, நகராத பாயே தேவை. அதன் அடியில் சோப்புப் படலம் சேர்ந்தால் பாயே வழுக்கும். வாரமொருமுறை புரட்டித் தேய்க்க வேண்டும். ஆலப்புழைக் கயிற்று மிதியடியைக் கதவுக்கு வெளியே போடுவதே நல்லது. ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.