பகுத்து ஆராயும் கணினி

நுழையும்முன்

ஒரு கூற்று உண்மை என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிப்பதே கணிதத்தின் உயிர்நிலை. அப்பணியைக் கணினி மேற்கொள்ளும்போது, அது தரும் நிரூபணத்தை மனிதர் எவராலும் முழுமையாகப் படிக்க இயலாது போகலாம். அந்நிலையில் அதனை எவ்வாறு நம்புவது? இவ்வினாவை எதிர்கொண்ட முயற்சி ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

எளிய வினா

3, 4 ஆகிய எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 5இன் வர்க்கம் கிடைக்கும். இவ்வாறு அமையும் எண்களைப் பிதாகரஸ் மூவெண்கள் என்பர். 5, 12, 13 என்பதும் அத்தகையதே. இனி, 1 முதலாக உள்ள எண்கள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அல்லது நீல நிறம் தருவதாகக் கொள்வோம். எந்த மூவெண்ணும் முழுவதும் ஒரே நிறத்தில் அமைதல் கூடாது. எண்களை எவ்வளவு நீட்டினாலும் இவ்வாறு நிறந்தீட்ட இயலுமா? அல்லது, ஏதேனும் ஓர் எண்ணில் தடை ஏற்படுமா? அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்டு கிரகாம் 1980களில் இவ்வினாவிற்கு விடை காண்போருக்கு 100 டாலர் பரிசு அறிவித்தார்.

மரைன் ஹூலே, ஆலிவர் குல்மன், விக்டர் மாரெக் ஆகிய மூவரும் 2016ஆம் ஆண்டில் விடை கண்டனர். 7824 வரை நிறந்தீட்ட இயலும். 7825 வரை இயலாது என்பதே அவ்விடை.

இயலும் என்று காட்ட ஒரே ஒரு நிறவரிசை போதும். இயலாது என்று காட்டவோ, எல்லா நிறவரிசைகளையும் விலக்கியாக வேண்டும். அவற்றின் எண்ணிக்கையை எழுதினால் அது 2356 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் இயலாத செயல். எனவே, எண்ணுவதை விடுத்துத் தருக்கத்தைத் துணைக்கொண்டனர்.

மூன்று கூறுகள்

3, 4 இரண்டும் சிவப்பு எனில் 5 நீலமாகவே இருத்தல் வேண்டும். 12உம் நீலம் எனில் 13 சிவப்பாதல் வேண்டும். இவ்வாறு ஒரு முடிவு மற்றொரு முடிவைக் கட்டாயமாக்கும். இத்தருக்கச் சங்கிலியைப் பின்தொடரும் மென்பொருள் ஒரே நிரலாக அமையவில்லை; தனித்தனிக் கூறுகளாக வகுக்கப்பட்டது.

முதற்கூறு பகுப்பான். எந்த எண்ணின் நிறத்தை முடிவு செய்தால் ஏனையவை விரைவில் கட்டுப்படும் என ஆராய்ந்து, சிக்கலைப் பத்து இலட்சம் சிறு சிக்கல்களாக இது பிரித்தது.

இரண்டாவது கூறு தீர்ப்பான். ஒவ்வொரு சிறு சிக்கலிலும் முரண்பாடு தோன்றும்வரை இது தருக்கத்தை நடத்தியது. முரண்பாடு கண்டவுடன் அதற்குக் காரணமான சேர்க்கையைக் குறித்துக்கொண்டு, அதே தவற்றில் மீண்டும் விழாமல் காத்துக்கொண்டது. ஒரு சிறு சிக்கலின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை. எனவே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டாம்பீட்’ மீக்கணினியில், ‘கோர்’ எனப்படும் 800 செயலிக் கூறுகள் ஒரே நேரத்தில் இப்பணியைப் பகிர்ந்துகொண்டன. ஏறத்தாழ இரண்டு நாள்களில் பணி முடிவுற்றது.

மூன்றாவது கூறு சரிபார்ப்பான். நம்பிக்கையின் அடித்தளம் இதுவே. தீர்ப்பான் விரைவை நாடிப் பல நுட்பங்களைக் கையாளுவது. சிக்கலான அந்நிரலில் பிழை ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே, ‘இயலாது’ என்ற சொல்லை மட்டும் கூறினால் போதாது. அம்முடிவுக்கு வந்த ஒவ்வொரு படியையும் அது பதிந்து தருதல் வேண்டும். எளிமையாக எழுதப்பட்ட சரிபார்ப்பான் அப்படிகளை மீண்டும் சோதிக்கும். பிரித்த பகுதிகள் எல்லா வாய்ப்புகளையும் உள்ளடக்கினவா என்பதும் சோதிக்கப்படும். ஒரு பகுதி விடுபட்டாலும் நிரூபணம் வீழ்ந்துவிடும் அன்றோ?

தெரியுமா?

இந்நிரூபணத்தின் அளவு ஏறத்தாழ 200 டெராபைட். அதனை மீண்டும் உருவாக்கிச் சோதிக்க உதவும் சுருக்கப்பட்ட கோப்பே 68 ஜிகாபைட் அளவுடையது.

நம்பிக்கையும் புரிதலும்

இம்முறை வெறும் எண் விளையாட்டுக்கு உரியதன்று. 1994ஆம் ஆண்டில் பென்டியம் செயலியில், சில எண்களை வகுக்கும்போது தவறான விடை தரும் பிழை கண்டறியப்பட்டது. விற்பனையான செயலிகளை மாற்றித் தர நேர்ந்ததால் பேரிழப்பு விளைந்தது. மாதிரிக் கணக்குகள் சிலவற்றால் மட்டும் சோதிப்பது போதாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. இன்று செயலிகளின் வடிவமைப்பைச் சோதிப்பதில் தருக்கவழி மெய்ப்பித்தல் சிறப்பிடம் பெறுகிறது.

எனினும், ஒரு வினா எஞ்சி நிற்கிறது. தடை ஏன் 7825இல் தோன்றுகிறது? அந்த 200 டெராபைட்டில் ஐயத்திற்கு இடமற்ற சான்று உண்டு. மனிதர் உள்ளம் கொள்ளத்தக்க காரணம் இல்லை. நிரூபணம் உறுதியைத் தருவது. புரிதல் தெளிவைத் தருவது. முன்னதைக் கணினி தந்துவிட்டது. பின்னதைத் தேடும் பணி மனிதருக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 20 வரையிலான எண்களில் அமையும் பிதாகரஸ் மூவெண்களைக் கண்டறிந்து, எந்த மூவெண்ணும் ஒரே நிறம் பெறாதவாறு நிறந்தீட்டுக.

2. ‘விடையைக் கண்டவரே அதனைச் சரிபார்த்தல் போதுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.