இணையப் பக்கத்தை நீங்களே மாற்றலாம்!

செய்தித் தளம் ஒன்றின் தலைப்பை உங்கள் விருப்பப்படி மாற்ற முடியுமா? முடியும். பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை.

குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்திடுங்கள். மாற்ற வேண்டிய சொல்லின் மீது ரைட் கிளிக் செய்து, மெனுவில் ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ எச்.டி.எம்.எல். வரிகள் கொண்ட கட்டம் திறக்கும். நிறம் மாறித் தெரியும் வரியில் அந்தச் சொல்லை டபுள் கிளிக் செய்து, புதிய சொல்லை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பக்கத்திலும் அது உடனே மாறிவிடும்!

பயம் வேண்டாம். தளம் கெட்டுவிடவில்லை. சர்வரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிரதி மட்டுமே மாறியுள்ளது. எப்5 கீயை அழுத்தினால் பழைய பக்கம் வந்துவிடும்.

இதை வைத்தே ஒரு மோசடியும் நடக்கிறது. பணம் திருப்பித் தருவதாகப் போனில் பேசுபவர், உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராமைப் பதியச் சொல்வார். பாங்க் பக்கத்தைத் திறந்ததும், இருப்புத் தொகையைத் திரையில் மட்டும் கூட்டிக் காட்டி, “அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்பார். அனுப்பினால் போவது உங்கள் சொந்தப் பணம்!

எனவே உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். இருப்பைப் பாங்க்கிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்திடுங்கள்.