72 விழுக்காடு என்றால் நடந்தே தீருமா?

சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடையிலும் சரி, ஒன்-நார்த் அலுவலகத்திலும் சரி, ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: “ஏஐ இப்போ பந்தயச் சந்தையையே நேரா பார்த்துச் சொல்லுதாம். பணம் கட்டினவன் பொய் சொல்வானா? அது 72 விழுக்காடுன்னா நடந்தே தீரும்.” இப்படி ஏஐக்குத் தரவு எடுத்துக் கொடுக்கும் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதுதான் என் பிழைப்பு. இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் பொறுமை தீர்ந்துவிட்டது.

நம்பிக்கை: சந்தையைப் பார்க்கும் ஏஐக்கு நடக்கப்போவது தெரியும்.

உண்மை: தெரியாது. பாலிமார்க்கெட் போன்ற முன்கணிப்புச் சந்தையில் ‘ஆம்’ என்ற பங்கை 72 சென்ட் கொடுத்து வாங்குகிறார்கள். சொன்னது நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். அந்த 72 சென்டைத்தான் 72 விழுக்காடு வாய்ப்பு என்று படிக்கிறோம். மீதி 28 என்ன, அலங்காரத்துக்கா? பொதுவாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதற்கே நான்கில் மூன்று பங்குக்குமேல் வாய்ப்பு என்றன பந்தய விலைகள். பிரிட்டன் வெளியேறவே வாக்களித்தது. அதற்காகச் சந்தையைத் திட்டாதீர்கள். வாய்ப்பை வாக்குறுதியாகப் படித்தவர்களைத் திட்டுங்கள்.

விலையும் எப்போதும் ஒரே வகையாக வருவதில்லை. பாலிமார்க்கெட் பக்கத்தில் தெரிவது, வாங்குபவர் தர முன்வரும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அந்த இடைவெளி 10 சென்டைத் தாண்டினால், கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையைக் காட்டும். அந்த வியாபாரம் ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததா, ஐந்து நாளுக்கு முன்பா? வெறும் எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஆளில்லாத சந்தையில் ஒருவரே கொஞ்சம் பணத்தைப் போட்டு விலையை நகர்த்திவிடவும் முடியும். எனவே நேரம், விலை இடைவெளி, சந்தையில் உள்ள பணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்கும்படி கருவியின் குறிப்பு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஏஐ அந்த ஒற்றை எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து தெய்வவாக்காக உங்கள் முன் வைக்கும்.

சந்தையின் தலைப்பை மட்டும் நம்புவது இன்னும் மோசம். உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி 2025 ஜூன் மாதம் முடிவதற்குள் சூட் அணிவாரா என்று ஒரு சந்தை. 200 மில்லியன் டாலருக்குமேல் அதில் புழங்கியது. ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்புக் கோட்டும் கால்சட்டையுமாக வந்தார். பல ஊடகங்கள் அதைச் சூட் என்றே எழுதின. அது சூட்தானா என்று பெரிய சண்டை. கடைசியில், தகராறு வந்தால் முடிவு சொல்லும் யுஎம்ஏ அமைப்பின் டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்பில் ‘இல்லை’ என்று தீர்ந்தது. தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்த ஏஐ என்ன சொல்லியிருக்கும்? அதனால்தான் என் குறிப்புகளின் முதல் வரி: தீர்ப்பு விதியைப் படிக்காமல் விலையைச் சொல்லாதே.

நம்பிக்கை: மாடல்தான் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதே, குறிப்பு எதற்கு?

உண்மை: 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவியின் பெயரையும் விவரிப்பையும் படித்துத்தான் ஏஐ அதை அழைக்கிறது. பாலிமார்க்கெட்டின் சந்தைத் தரவைத் தரும் காமா ஏபிஐயில் ‘ஆம்’, ‘இல்லை’ ஒரு புலத்தில் வரும், விலைகள் இன்னொரு புலத்தில் வரும், அதுவும் எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாக. வரிசை பார்த்துப் பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்தினால் 72 போய் 28 வரும். இதை எழுதி வைக்காத பொறியாளர் மாடலைக் குறை சொல்லக்கூடாது.

நம்பிக்கை: அப்படியே பந்தயமும் கட்டச் சொல்லிவிடலாம்.

உண்மை: சிங்கப்பூரில் கூடாது. சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் பாலிமார்க்கெட்டை முடக்கியிருப்பது 2025 ஜனவரியிலேயே செய்தியானது. 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாத நடத்துநரிடம் பந்தயம் கட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘நான் கட்டவில்லை, ஏஐ கட்டியது’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், பணம் உங்களுடையது. ‘இது பந்தயம் கட்டாது’ என்று குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது. கட்டும் வழியே கருவிக்குள் இருக்கக்கூடாது.

நம்பிக்கை: 4டி லாட்டரி எண்ணையும் சொல்லிவிடும்.

உண்மை: பத்தாயிரம் எண்கள், முதல் பரிசுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. டோட்டோவில் 49 எண்களில் ஆறும் சரியாக விழ, ஏறத்தாழ 14 மில்லியனில் ஒரு வாய்ப்பு. போன வாரக் குலுக்கலுக்கும் இந்த வாரக் குலுக்கலுக்கும் சம்பந்தமில்லை. மேலே பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்வது. தமிழ் அதிகாரத்துவ மொழியாக உள்ள நாட்டில் இருந்துகொண்டு, நம் குழுக்கள் இந்தக் கருவிகளை ஆங்கிலத்தில் மட்டுமே சோதிக்கின்றன. “இந்தத் தடவை யாரு ஜெயிப்பா?” என்று ஒரு பெரியவர் தமிழில் கேட்டால், எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று ஏஐ திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் கையில் கிடைத்த சந்தையிலிருந்து ஓர் எண்ணை உருவிக் கொடுத்தால், அவர் அதைத்தான் நம்புவார். கருவியை வெளியிடும்முன் குறிப்பில் தமிழ் மாதிரிக் கேள்விகளைச் சேருங்கள், அவற்றை வைத்துச் சோதியுங்கள். அரை நாள் வேலை. நேரமில்லை என்று என்னிடம் வராதீர்கள்.