நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஸ்டேஜ் ஒன் முதல் சிவப்புக் காலிப்பர் வரை

ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடியோ ஸ்கோடா ஸ்லாவியாவோ வாங்கியவருக்கு முதல் சர்வீஸ் வருவதற்குள் ஆலோசனைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ரீமேப் பண்ணியாச்சா? பதினாறு இஞ்ச் வீலா? பின்னாடி டிரம் பிரேக்கா, ஐயையோ! சொல்பவர்களில் பலர் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய அனுபவம் வேறொரு காரில் கிடைத்தது. ஆக்டேவியா விஆர்எஸ்ஸில் எடுபட்டது இதிலும் எடுபடும், அமெரிக்க யூடியூபர் சொன்னது அவினாசி ரோட்டிலும் செல்லும் என்று நம்பிவிடுகிறோம். இந்த இரண்டு செடான்களின் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு அப்படிச் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்கலாம்.

"ஸ்டேஜ் ஒன் போட்டா போதும், ஒரு பார்ட்டும் மாத்த வேண்டாம்."

எஞ்சினைப் பொறுத்தவரை இது பொய்யில்லை. டர்போ எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் பூஸ்ட், எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம் ஆகியவற்றைத் திருத்தி எழுதினால், அதாவது ரீமேப் செய்தால், சக்தி கூடும். ஸ்பானரைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஆனால் கூடிய சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் கியர்பாக்ஸ் இருக்கிறது.

இந்த எஞ்சின் தருவது 150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஆட்டோமேட்டிக் வாங்கியவருக்கு அதோடு வருவது டிக்யூ200 என்ற ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். அதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. அந்தக் கியர்பாக்ஸுக்கு நிர்ணயித்த டார்க் வரம்பு எவ்வளவு என்று பார்த்தால், அதுவும் 250தான். காகிதத்தில் மிச்சமே இல்லை. வடிவமைத்தவர்கள் உள்ளுக்குள் கொஞ்சம் தாங்குதிறன் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். அது கிண்டி நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து சூடாகும் நாட்களுக்காக வைத்தது. டியூனர் எடுத்துக்கொள்வதற்காக அல்ல.

2017இல் இந்தியாவுக்கு வந்த ஆக்டேவியா விஆர்எஸ்ஸின் கதை வேறு. அதன் 2 லிட்டர் எஞ்சின் 230 பிஎஸ் தந்தது. ஆறு வேக டிஎஸ்ஜியின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கி ஓடின. உரசலில் பிறக்கும் சூட்டை அந்த எண்ணெய் அள்ளிக்கொண்டு போகும். அந்த காரை ரீமேப் செய்து வருடக்கணக்கில் ஓட்டியவர் சொல்வதை நம்பலாம், அந்த காருக்கு மட்டும்.

அப்படியானால் விர்ட்டஸ் டிஎஸ்ஜியைத் தொடவே கூடாதா? தொடலாம். ஆனால் டியூனரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை குதிரைசக்தி ஏறும்?' என்பதல்ல, 'டார்க்கை எங்கே நிறுத்துவீர்கள்?' என்பது. கம்பெனி நிலையில் 250 நியூட்டன் மீட்டர் 1,600 முதல் 3,500 சுற்று வரைதான் கிடைக்கிறது. பிறகு அது இறங்குகிறது. 5,000 சுற்றில் 150 பிஎஸ் என்றால் அங்கே டார்க் ஏறக்குறைய 210தான். அதே 5,000 சுற்றிலும் 250ஐத் தக்கவைக்க டர்போ ஒத்துழைத்தால், கணக்குப்படி 178 பிஎஸ் வரும். கியர்பாக்ஸின் வரம்பை மீறாமலே 28 பிஎஸ் கூடுதல். நிதானமான டியூனர் இந்த வழியில் போவார். சிக்னலில் முதுகை சீட்டோடு அழுத்தும் உதைப்பை விற்பவர், 2,000 சுற்றிலேயே டார்க்கை 300க்கு மேல் ஏற்றிக் காட்டுவார். டெஸ்ட் டிரைவில் மயக்குவது இரண்டாவதுதான். பில் வருவதும் அதற்குத்தான்.

சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தின் காகிதத்தைக் காட்டினால் ஒன்று கேளுங்கள்: ரீமேப்புக்கு முன்பும் பின்பும் அதே எந்திரத்தில், அதே நாளில் எடுத்ததா? ஒரு தாளில் சக்கரத்தில் அளந்த எண், மறுதாளில் எஞ்சினுக்கு மாற்றிக் கணக்கிட்ட எண் என்றால் 'லாபம்' தானாகவே வந்துவிடும்.

"வாரண்டி வேலைக்கு முன்னாடி ஸ்டாக் ஃபைலை ஏத்திட்டா யாருக்கும் தெரியாது."

ஃபோக்ஸ்வேகன் குழும கார்களில் இந்த நம்பிக்கையை உடைக்கும் குறிக்கு ஒரு பெயரே உண்டு: டிடி1. சர்வீஸ் சென்டரில் காரைக் கம்பெனியின் சர்வரோடு இணைக்கும்போது, ஈசியூவில் உள்ள மென்பொருள் கம்பெனி எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காரின் பதிவில் இந்தக் குறி விழும். விழுந்த பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டியை நீங்கள் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். பழைய ஃபைலை ஏற்றினாலும், ஈசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளே இருக்கும்.

இங்கே ஒரு கிளைக் கதையும் உண்டு. 'வெளிப் பார்ட் போட்டதற்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது, அந்தப் பார்ட்டால்தான் பழுது என்று அவர்கள்தான் நிரூபிக்கணும்' என்று நம்மூரில் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் சட்டம் சார்ந்த வாதம். நம் காருக்குப் பொருந்துவது வாங்கும்போது கையெழுத்திட்ட வாரண்டி புத்தகம். அதை ஒருமுறை வாசித்தவர்கள் குறைவு.

"அமெரிக்காவுல 91லயே அந்த மேப் ஓடுது, நம்ம பெட்ரோல் தாராளமா தாங்கும்."

அவர்களுடைய 91 வேறு, நம்முடைய 91 வேறு. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருப்பது இரண்டு வித ஆக்டேன் அளவீடுகளின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒற்றை அளவு, அது எப்போதும் பெரிய எண்ணாகவே வரும். அங்கே 91 என்றால் இங்கே சுமார் 95. அங்கே 93 என்றால் இங்கே சுமார் 98. இறக்குமதி மேப் எந்த எண்ணுக்கு எழுதியது என்று தெரியாமல் ஏற்றினால், கோடை வெயிலில் எஞ்சின் 'நாக்' அடிக்கும். சென்சார் அதைக் கேட்டுத் தீப்பொறியைத் தள்ளிப்போடும். கொடுத்த காசுக்கான சக்தி அங்கேயே கரைந்துவிடும். மறுபக்கம், ரீமேப் செய்யாத காரில் எக்ஸ்பி100 ஊற்றி வேகம் தேடுவதும் வீண். ஆக்டேன் என்பது நாக் அடிக்காமல் தாங்கும் திறன். அதிக ஆக்டேன் என்றால் அதிக ஆற்றல் என்று பொருளில்லை.

"ஓப்பன் ஃபில்டர் போட்டா கார் நல்லா மூச்சு விடும்."

சத்தம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. கம்பெனி கொடுத்த பெட்டி முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த ஃபில்டரை நிறுத்தினால், எஞ்சின் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சும். அதோடு, டர்போ காரில் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை ஈசியூ முடிவு செய்கிறது, ஃபில்டர் அல்ல. எக்ஸாஸ்ட் கதையும் ஏறக்குறைய இதுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதோ சட்டவிரோதம், செக் எஞ்சின் விளக்கு வேறு எரிந்துகொண்டே இருக்கும்.

"அஞ்சு ஓட்டை இருந்தா எந்த வீலும் உக்காரும்."

தமிழ்நாட்டில் அதிகம் நடக்கும் தவறு ரீமேப் அல்ல, இது. விர்ட்டஸ், ஸ்லாவியா சக்கரங்களின் ஐந்து போல்ட்டுகளும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஆக்டேவியாவில் அது 112. இதைத்தான் கடையில் பிசிடி என்பார்கள். பிசிடியைச் சரியாகக் கேட்பவர்கூட அடுத்த இரண்டைக் கேட்பதில்லை.

முதலாவது, நடுத் துளை. இந்தக் கார்களின் ஹப் 57.1 மில்லிமீட்டர். கடையில் தொங்கும் அலாய்களில் பலவற்றின் துளை 73.1, எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று பெரிதாகக் குடைந்தது. இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று இருக்கிறது, விலையும் பெரிதில்லை. அது இல்லாமல் மாட்டினால் வீல் மையத்தில் உட்காராமல் போல்ட்டுகளில் மட்டும் தொங்கும். 90இல் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். நீங்கள் மாறி மாறி பேலன்சிங் செய்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, போல்ட்டின் கழுத்து. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் ஒரிஜினல் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தலைக்குக் கீழே உருண்டையாக இருக்கும். வெளி அலாய்களில் பெரும்பாலானவற்றின் குழி கூம்பு வடிவம். உருண்டைக் கழுத்து கூம்புக் குழியில் முழுதாகப் பதியாது. மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் தளரும். புது வீலுக்குப் புது போல்ட் கேட்டு வாங்க வேண்டும்; பெட்டிக்குள் அதுவாக வராது.

டயர் அளவில் கணக்கு கைகொடுக்கும். கம்பெனி கொடுத்த 205/55 ஆர்16இன் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634; ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101க்கு இறங்குகிறது. மழைக்காலப் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர். என்னைக் கேட்டால் பதினாறிலேயே இருந்துகொண்டு, மிச்சப்படும் பணத்தில் நல்ல பிடிப்புள்ள டயர் நான்கு வாங்குவேன். ஓட்டும்போது அதிகம் தெரியும் மாற்றம் அதுதான், யாரும் படம் எடுத்துப் போடாத மாற்றமும் அதுதான்.

"பின்னாடி டிஸ்க் மாத்தினாதான் பிரேக் பிடிக்கும்."

ஜிடியின் முன் காலிப்பருக்குச் சிவப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தவர்கள் பின்னால் டிரம்மை வைத்ததுதான் இந்த மனக்குறையின் தொடக்கம். பார்க்க ஒருமாதிரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்துவிடுகிறது. பின் சக்கரங்கள் செய்யும் வேலை சிறு பங்கு. ஏபிஎஸ்ஸும் இஎஸ்சியும் அந்த டிரம்முக்கு ஏற்பத்தான் அளந்து அமைக்கப்பட்டவை. வேறு காரின் டிஸ்க்கைப் பொருத்தி அந்தக் கணக்கைக் குலைத்தால், மழையில் பின்பகுதி முந்திக்கொண்டு வர வாய்ப்பு உண்டு.

காலியான சாலையில் ஒருமுறை முழுதாக மிதித்துப் பாருங்கள். காலடியில் ஏபிஎஸ் துடித்தால், சக்கரத்தைப் பூட்டுவதற்கான வலு உங்கள் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பெரிய டிஸ்க் வேறொரு வேலைக்கு, சூட்டைத் தாங்க. சுமார் 1,300 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது ஏறக்குறைய 5 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாகிறது. கோவை கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ சுற்றுக்குச் சுற்று இதைச் செய்பவருக்குப் பெரிய டிஸ்க் தேவைப்படலாம். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு வேண்டியது நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும், கியரைக் குறைத்து இறங்கும் பழக்கமும்.

அந்த ஆயில்தான் எல்லாரும் மறப்பது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி உறிஞ்சி அது 155க்கு இறங்கும். கொதித்தால் குழாயில் ஆவி. மிதி தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, காலிப்பருக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். டாட் 5.1க்கு மாறலாம். டாட் 5 என்று மட்டும் எழுதியதைத் தொடாதீர்கள், அது சிலிக்கான் வகை, கலக்கவே கூடாது.

"ஒரே மாடல்தானே, ஒரே பார்ட்தான்."

ஆக்டேவியாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. 1.4 டிஎஸ்ஐ ஆக்டேவியாவின் பின்னால் டார்ஷன் பீம், 1.8இல் மல்டி லிங்க். ஒன்றின் பின் சஸ்பென்ஷன் பாகம் மற்றதில் ஏறாது. ஆக்டேவியா குடும்பத்தின் முன் ஸ்ட்ரட்டிலும் 50, 55 மில்லிமீட்டர் என்று இரண்டு விட்டங்கள். லோயரிங் கிட் ஆர்டர் செய்யுமுன் காரைத் தூக்கி, வெர்னியரை வைத்து அளந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் ஸ்டெப்னி குழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதிலுள்ள மூன்றெழுத்துக் குறிகள் உங்கள் காரில் எந்த பிரேக், எந்த சஸ்பென்ஷன் என்று சொல்லும். ஜி.பி. ரோட்டு கவுண்டரில் மாடல் பெயரோடு நிறுத்தாமல் சேசிஸ் எண்ணையும் அந்த ஸ்டிக்கரின் படத்தையும் காட்டினால் பாதித் தகராறு குறையும்.

ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்களில் விதிப்படி கட்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"போலீஸ் பிடிச்சா ஐந்நூறு ரூபா."

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அபராதத்தைவிட நான் அஞ்சுவது இன்ஷூரன்ஸை. விபத்துக்குப் பின் வரும் சர்வேயர், பாலிசியில் சொல்லாத மாற்றத்தைத்தான் முதலில் படம் எடுப்பார்.

"ரெண்டு லட்சம் செலவு பண்ணிருக்கேன், விற்கும்போது வந்துடும்."

வராது. பழைய கார் வாங்குபவர், குறிப்பாக இந்த வகைக் காரை விவரம் தெரிந்து வாங்குபவர், 'ஸ்டாக்கா?' என்றுதான் முதலில் கேட்பார். மாற்றிய கார் என்றால் முந்தைய ஓனர் எப்படி ஓட்டியிருப்பார் என்று அவரே ஊகித்து, விலையைக் குறைத்துவிடுவார். ஆகவே கழற்றிய அலாய், ஃபில்டர் பெட்டி, உருண்டைக் கழுத்து போல்ட் இருபதையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, வெளி வீல்களைத் தனியாக விற்றால் கொஞ்சமாவது கைக்கு வரும். ரீமேப்பைப் பற்றி மட்டும் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் டிடி1 அவருக்குத் தெரிந்துவிடும்.